கயிறு கட்டாமல் குதித்தேன்

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல் மாணவி)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவிதை எழுத வராது. "இளைஞனே எழுந்து வா" என்று எழுதவும் வராது. எனக்குத் தெரிந்தது நான் செய்த ஒரு தப்பு மட்டும்தான். அதையே எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் அடுத்த தடவை லேபில் உட்காரும்போது ஒரு கட்டளையை மட்டும் மறக்காமல் அடித்துவிடுங்கள், அது போதும்.

ஒரு சின்ன குறிப்பு. கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். கணிப்பொறியில் ஆங்கில எழுத்தில் அடிக்கவும். 'மைனஸ்' என்று வரும் இடத்தில் சிறு கோடு.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அப்பா துறைமுகத்துப் பக்கம் கண்டெய்னரில் சரக்கு ஏற்றும் லோடுமேன். தாத்தா சங்கு குளித்தவர், இப்போது எண்பது வயது. பத்தாம் வகுப்பைத் தாண்டியது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். "எங்க பிள்ள கம்ப்யூட்டர் படிக்கி" என்று அம்மா அளத்தில் சொல்லாத ஆள் கிடையாது. அந்தப் பெருமை எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். ஏனென்றால் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள் நான். திரையில் நாலு வரி ஆங்கிலம் சேர்ந்தாற்போல் வந்தால் நெஞ்சு படபடக்கும். யாராவது பார்ப்பதற்குள் அதை மூடிவிடுவேன். இந்தக் கதைக்கே காரணம் அந்த மூடுகிற பழக்கம்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. நான் அப்போது முதலாமாண்டு. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அம்மாவும் கூட வேலை பார்க்கும் பத்துப் பெண்களும் சேர்ந்து ஒரே நோட்டில்தான் கூலிக் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். யார் எத்தனை நாள் வந்தார், எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார், எவ்வளவு கழிந்தது என்று எல்லாம் அதில்தான் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தால் மை கரைந்து பக்கமெல்லாம் நீலமாக இருந்தது. அட்வான்ஸ் பாக்கி இவ்வளவு என்று எதிர்ப்பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு தலையாட்ட வேண்டியதாயிற்று. அம்மா அன்று அழவில்லை. "எழுத்து ஒரே எடத்துல இருந்தா இப்படித்தான் ஆவும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். தினசரி காலண்டரில் தினமும் தாள் கிழிக்கிறோம் அல்லவா? அந்தத் தாளின் வெற்றுப் பக்கத்தில் பதினோரு பேரின் முதலெழுத்தையும் எதிரே அன்றைய கூலியையும் எழுதுவார். தேதி முன்பக்கம் அச்சாகவே இருக்கிறது. கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு கம்பியில் குத்தி, கூரை உத்திரத்தில் உயரமாகத் தொங்கவிட்டார். நோட்டு ஒன்று, சீட்டு ஒன்று என்று இரண்டு இடம் ஆயிற்று.

மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் வந்ததும் நான் யோசிக்கவே இல்லை. உப்பளக் கூலிக் கணக்கு என்று தலைப்புக் கொடுத்தேன். நாலு பேர் சேர்ந்து பைத்தானில் செய்கிறோம். நாலு பேரும் ஒரே கோப்பைத் திருத்தினால் குழப்பம் வரும் என்று சார் 'கிட்' பயன்படுத்தச் சொன்னார்.

கிட் என்றால் என்ன என்று தெரியாத முதலாமாண்டுத் தம்பி தங்கைகளுக்காக இரண்டு வார்த்தை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. அதுவரை லினக்ஸ் குழுவினர் பயன்படுத்தி வந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகத் தருவதை அதன் நிறுவனம் நிறுத்தியது. 'நாமே ஒன்று எழுதிக் கொள்வோம்' என்று இறங்கியவர் சில நாட்களிலேயே கிட்டின் சொந்த நிரலைக் கிட்டிலேயே வைக்கும் நிலைக்குக் கொண்டு வந்துவிட்டார். அதே ஆண்டு ஜூலையில் ஜூனியோ ஹமானோ பொறுப்பை ஏற்றுக் கொண்டார். இன்று உலகத்தில் பாதி மென்பொருளுக்குப் பின்னால் கிட் இருக்கிறது என்றால் மிகையாகாது. தமிழ் எழுத்துகளைப் பிரித்து எண்ண நாங்கள் எடுத்துக்கொண்ட 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நூலகமும் கிட்ஹப்பில்தான் இருக்கிறது.

செய்த வேலையை அவ்வப்போது பதிந்து வைப்பது 'கமிட்'. மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் தனியாக வேலை பார்க்க ஒதுக்கிக்கொள்ளும் பாதை 'பிராஞ்ச்', அதாவது கிளை. நம் கணிப்பொறியில் இருப்பது உள்ளூர்க் கிளை. குழுவுக்குப் பொதுவாகத் தொலைவில் ஒரு சர்வரில் இருப்பது தொலைக் கிளை. அந்தத் தொலை இடத்துக்கு வழக்கமாக வைக்கும் பெயர் 'ஆரிஜின்'. உள்ளூரில் பதிந்ததை அங்கே அனுப்புவது 'புஷ்'.

இதை அப்பா வேலையை வைத்தே சொல்லலாம். கண்டெய்னருக்குள் சரக்கை அடுக்கி, கதவைச் சாத்தி, சீல் வைத்தால் அது கமிட். பெட்டி இன்னும் நம்ம யார்டில்தான் நிற்கிறது. கப்பலில் ஏறினால்தான் கொழும்புக்குப் போகும். அது புஷ். எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்துக்கு என்று சீட்டு இல்லாவிட்டால் சீல் வைத்த பெட்டி யார்டிலேயே கிடக்கும். அந்தச் சீட்டுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நான் 'கூலி' என்று ஒரு கிளை தொடங்கினேன். என்னிடம் லேப்டாப் கிடையாது. லேபில் ஒரே கணிப்பொறியில் மூன்று வாரம் வேலை பார்த்தேன். தினமும் இரவு அம்மாவின் சீட்டுகளைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, மறுநாள் லேபில் ஏற்றுவேன். முதல் நாளே 'கிட் புஷ்' என்று அடித்தேன். ஐந்தாறு வரி ஆங்கிலம் வந்தது. முதல் வார்த்தையே 'ஃபேட்டல்'. அகராதியில் பார்த்தால் 'சாவுக்குரிய' என்று போட்டிருக்கிறது! பக்கத்தில் தோழி இருந்தாள். அவள் பார்ப்பதற்குள் திரையை மூடிவிட்டேன்.

பிறகு 'கிட் லாக்' போட்டுப் பார்த்தேன். என் கமிட் எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. அப்படியானால் சேர்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பத்தொன்பது கமிட். ஒன்றுகூட அந்தக் கணிப்பொறியைத் தாண்டவில்லை. எல்லாக் கிளையையும் மாதக் கடைசியில் சேர்ப்பதாக ஏற்பாடு. அதனால் மற்ற மூவருக்கும் தெரியவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு காரியமும் செய்தேன். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. "அம்மா, எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. இனிமே இந்தக் குப்பைச் சீட்டெல்லாம் எதுக்கு? தூரப் போடு" என்று சொன்னேன். அம்மா, "சரி மக்கா" என்றார். அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை லேபுக்குப் போனால் அந்தக் கணிப்பொறி எழுந்திருக்கவே இல்லை. டிஸ்க் போய்விட்டது. லேப் அண்ணன் கழற்றி வேறு இடத்தில் மாட்டியும் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஆரிஜின்ல இருக்கும்லா, எடுத்துக்கோ" என்றார். கிட்ஹப்பைத் திறந்து பார்த்தேன். தோழியின் கிளை இருந்தது. மற்ற இருவர் கிளையும் இருந்தன. 'கூலி' என்று ஒன்று இல்லவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய், "அந்த லேப் மெஷின் சரியில்ல தாத்தா, என் வேலை பூராவும் போச்சு" என்று மெஷினைத் திட்டித் தீர்த்தேன். தாத்தாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கேள்வி கேட்கத் தெரியும். "ஒன் சாமான அங்க அனுப்பதுக்கு என்ன செய்யணும்?" என்றார். தொலைவில் உள்ளதோடு இணைக்க வேண்டும் என்றேன். "நீ இணைச்சியா?" என்றார். பேசாமல் இருந்தேன்.

அப்போதுதான் அவர் பழைய கதையைச் சொன்னார். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். 1955இல் தொடங்கிய வரிசை அதோடு முடிந்தது. தாத்தா அப்போது பதினாறு வயதுப் பையன். தோணியில் தண்ணீர் இறைக்கிற வேலை. கடலுக்கு அடியில் சிப்பி கிடக்கும் திட்டைப் 'பார்' என்பார்கள். அங்கே தோணியை நிறுத்துவார்கள். குளிக்கிறவருக்கு இரண்டு கயிறு. ஒன்றில் கல். அதில் காலை வைத்துக்கொண்டு சரசரவென்று அடிக்குப் போவார். இன்னொன்றில் சிப்பி அள்ளும் வலைப்பை. கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். மூச்சு தாங்குகிற வரை சிப்பியை அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே இருக்கிறவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சினனைத்தான் வைப்பார்களாம். ஏன் என்றால், "அக்கா தாலிக்குப் பயந்தாவது இழுப்பாம்லா!"

தாத்தா பின்னாளில் சங்கு குளித்து அனுபவப்பட்டவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஏட்டி, கயித்தக் கட்டுதது குளிக்கவன் வேல. இழுக்கதுதான் மேல உள்ளவன் வேல. கட்டாம குதிச்சிட்டு தோணியக் கொற சொல்லாத."

மறுநாள் வேறொரு கணிப்பொறியில் உட்கார்ந்தேன். புதிதாக ஒரு கிளை தொடங்கி, ஒரே ஒரு வரி எழுதிக் கமிட் செய்து, வேண்டுமென்றே 'கிட் புஷ்' அடித்தேன். அதே ஐந்தாறு வரி வந்தது. இந்தத் தடவை மூடவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன்.

தோழர்களே, அது என்ன சொன்னது தெரியுமா? 'இப்போதுள்ள கிளைக்கு அப்ஸ்ட்ரீம் கிளை இல்லை. இதை அனுப்பி, அப்ஸ்ட்ரீமாகவும் வைக்க இப்படி அடிக்கவும்' என்று சொல்லி, அடிக்க வேண்டிய கட்டளையை என் கிளையின் பெயரோடு முழுசாக எழுதிக் காட்டியிருந்தது! நான் திட்டு என்று நினைத்து மூடியது திட்டே இல்லை. வழி சொன்ன ஆளின் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

அப்ஸ்ட்ரீம் என்றால் ஆற்றின் மேல்பக்கம். பாபநாசத்தில் திறந்த தண்ணீர்தானே ஸ்ரீவைகுண்டம் அணைக்கு வருகிறது? அதுபோல நம் உள்ளூர்க் கிளை எந்தத் தொலைக் கிளையைப் பார்த்து நிற்கிறது என்பதுதான் அப்ஸ்ட்ரீம். கட்டளை இதுதான்:

கிட் புஷ் மைனஸ் யூ ஆரிஜின் கூலி

இந்த 'மைனஸ் யூ'தான் கயிறு. ஒரு தடவை கட்டினால் போதும். அதன் பிறகு வெறும் 'கிட் புஷ்', வெறும் 'கிட் புல்' என்றாலே எங்கே அனுப்ப வேண்டும், எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று கிட்டுக்குத் தெரியும். தொலைவில் கிளை ஏற்கெனவே இருந்து, இணைப்பு மட்டும் வேண்டும் என்றால் 'கிட் பிராஞ்ச் மைனஸ் யூ ஆரிஜின்/கூலி' என்று அடிக்கலாம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கட்டிய பிறகு, புராஜெக்ட் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் '.கிட்' ஃபோல்டரில் 'கான்ஃபிக்' கோப்பைத் திறந்து பார்த்தேன். கிளையின் பெயருக்குக் கீழே இரண்டே வரி. எந்தத் தொலை இடம் என்று ஒரு வரி, அங்கே எந்தக் கிளை என்று ஒரு வரி. அந்த இரண்டு வரி இல்லாததால்தான் என் மூன்று வாரம் கடலோடு போயிற்று.

கயிறு கட்டியிருக்கிறதா என்று பார்க்க 'கிட் பிராஞ்ச் மைனஸ் வீவீ' என்று அடியுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் எதிரே, அடைப்புக்குள், எதோடு இணைந்திருக்கிறது என்று காட்டும். அடைப்பே இல்லாத கிளை கயிறு இல்லாத கிளை. 'கிட் ஸ்டேட்டஸ்' அடித்தால் நம் கிளை தொலைக் கிளையைவிட எத்தனை கமிட் முந்தியிருக்கிறது, எத்தனை பிந்தியிருக்கிறது என்று சொல்லும். 'முந்தி' என்றால் நம்மிடம் மட்டும் இருப்பவை. டிஸ்க் போனால் அவையும் போகும். ஆனால் ஒன்று: இது கடைசியாகத் தொலைவோடு பேசியபோது இருந்த கணக்கு. மற்றவர்கள் புதிதாக ஏற்றியதும் தெரிய வேண்டுமானால் முதலில் 'கிட் ஃபெட்ச்' அடிக்க வேண்டும்.

கயிறு கட்டத் தெரிந்துவிட்டது என்று நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்துத் திரிந்தபோது இரண்டாவது பாடம் வந்தது. குழுவின் பொதுக் கிளையான 'ஆரிஜின்/மெயின்' என்பதிலிருந்து நேராக ஒரு புதுக் கிளை தொடங்கினேன். ஸ்டேட்டஸ் பார்த்தால் அப்ஸ்ட்ரீம் இருப்பதாகக் காட்டியது. நான் கட்டவே இல்லையே, தானாகவே கட்டிக்கொண்டதே என்று சந்தோஷப்பட்டேன். தொலைக் கிளை ஒன்றிலிருந்து தொடங்கினால் கிட் அதையே அப்ஸ்ட்ரீமாக வைத்துக்கொள்ளும். அதாவது என் கயிறு மெயினோடு கட்டியிருந்தது!

'கிட் புஷ்' அடித்தேன். மறுபடியும் 'ஃபேட்டல்'. உள்ளூர்க் கிளையின் பெயரும் அப்ஸ்ட்ரீமின் பெயரும் பொருந்தவில்லை என்று சொல்லி, இரண்டு வழி காட்டியது. முதல் வழி, என் வேலையை மெயினுக்கே அனுப்புவது. இரண்டாவது, என் கிளையின் பெயரிலேயே தொலைவில் அனுப்புவது. அவசரத்தில் முதல் வரியைக் காப்பி அடித்திருந்தால் சோதித்துப் பார்க்காத என் நிரல் நாலு பேரின் பொதுக் கிளையில் போய் விழுந்திருக்கும். இரண்டையும் படித்ததால் பிழைத்தேன். 'கிட் புஷ் மைனஸ் யூ ஆரிஜின் ஹெட்' என்று அடித்து என் பெயரில் உள்ள கிளையோடு கட்டினேன். ஹெட் என்பது நாம் இப்போது நிற்கும் கிளை. பெயர் பொருந்தாவிட்டால் மறுக்கும் இந்தக் காவல் 2014இல் வந்த கிட் 2.0 முதல்தான் இயல்பாகவே இருக்கிறது. கயிறு இருந்தால் மட்டும் போதாது, யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்று மச்சினன் கதை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

மறதிக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. 2022 ஜூனில் வந்த கிட் 2.37இல் 'புஷ்.ஆட்டோசெட்அப்ரிமோட்' என்று ஓர் அமைப்பு சேர்த்தார்கள். அதை 'ட்ரூ' என்று வைத்துவிட்டால், கயிறு இல்லாத கிளையை முதல் தடவை புஷ் செய்யும்போது அதே பெயரில் தொலைவில் கிளை உண்டாக்கித் தானே கட்டிக்கொள்ளும். ஆனாலும் புஷ் அடிப்பது நம் கைதான். அதை எந்த அமைப்பும் நமக்காக அடிக்காது.

நிரலை எப்படியோ திரும்ப எழுதிவிடலாம். முன்பு மூன்று வாரம் ஆனது இப்போது ஒன்பது நாளில் முடிந்தது. ஆனால் பதினோரு பேரின் கூலிக் கணக்கு? நான் எழுதி எடுத்துப்போன நோட்டுத் தாள்களை ஏற்றிய அன்றன்றே கிழித்துப் போட்டிருந்தேன். சீட்டைத் தூரப் போடச் சொன்னவளும் நான்தான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்க், கிளை, கயிறு என்று என்னென்னவோ உளறினேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, உத்திரத்துக்கு மேலே கையை விட்டுக் கம்பியை எடுத்தார். ஒரு தாள்கூடக் குறையவில்லை. நான் போடச் சொன்ன நாளுக்குப் பிறகு எழுதிய தாள்களும் அதில் இருந்தன.

"நாந்தான் தூரப் போடச் சொன்னேன்லா?" என்றேன்.

"நீ படிச்ச பிள்ள, சொன்ன. சரின்னேன். ஆனா மழைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார்.

அன்று இரவு அம்மா சீட்டைப் படிக்கப் படிக்க நான் எழுதினேன். பாதியில் அம்மா கேட்டார்: "இது இப்ப எத்தன எடத்துல இருக்கும்?" லேபில் ஒன்று, தொலைவில் சர்வரில் ஒன்று, தோழி 'புல்' செய்தால் அவளிடம் ஒன்று என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்கிட்டயும் சேத்து நாலு" என்றார். கம்பி திரும்பவும் உத்திரத்துக்குப் போயிற்று. இந்தத் தடவை நானே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

என்னைப்போல் வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்தவர்கள் நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. திரையில் ஆங்கிலம் வந்தால் மூடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் பார்க்கட்டும். அகராதியை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படியுங்கள். பல சமயம் நீங்கள் தேடுகிற வழி அதன் கடைசி வரியில்தான் இருக்கும். மூடுகிற கையால் நான் தொலைத்தது மூன்று வாரம்.

இந்தக் கட்டுரையையும் 'மலர்' என்று ஒரு கிளையில்தான் எழுதினேன். செயலாளரிடம் கொடுப்பதற்கு முன்பு 'கிட் பிராஞ்ச் மைனஸ் வீவீ' அடித்துப் பார்த்தேன். கயிறு இருக்கிறது.